தூது சென்ற பொம்மைகள்

நாடுகளுக்கிடையே தூது செல்வோர் பலவகையினர். அரசியல் பேசச் செல்வோர் உளர். வாணிகம் பேசச் செல்வோர் உளர். கற்கவும் கற்பிக்கவும் செல்வோரும் உளர். இவர்கள் அனைவரும் பேசவல்லவர்கள். ஆனால், வாய் பேசாப் பொம்மைகள் பன்னீராயிரத்துக்கு மேல் கடல் கடந்து நட்புத் தூது சென்ற வரலாறு ஒன்று உண்டு. அதனை இப்பாடத்தில் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜப்பானியர் பலர் பிழைப்பை நாடிப் பசிபிக் மாகடலைக் கடந்தனர். அமெரிக்காவின் மேற்குக் கரையில் குடியேறினர். வயல்களிலும் பழத்தோட்டங்களிலும் அயராது உழைத்தனர். உழைத்து முன்னேறிய அவர்களை அங்கு வாழ்ந்தோருள் பலர் ஐயத்தோடும் அழுக்காற்றோடும் நோக்கினர். ‘இவர்கள் நிறம் வேறு, மொழி வேறு, வழக்கம் வேறு, இவர்கள் நம்மோடு ஒருநாளும் கலவார்’ என்னும் பேச்சு வளர்ந்தது. 1924ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேரவை இயற்றிய சட்டம், ஜப்பானியர் அந்நாட்டிற் குடியேறும் வாயிலை முற்றும் அடைத்தது. தம் இனத்தை இழித்துரைத்த சட்டம் இது என்று ஜப்பானிய மக்கள் மனம் புண்பட்டனர். இரு நாடுகளுக்கும் இடையே பகை புகையத் தொடங்கியது.

அந்நாளில் சிட்னி குலிக் என்னும் பெரியார் ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்துவந்தார். அவர் கிறித்தவத் தொண்டராக 1888ஆம் ஆண்டில் ஜப்பானுக்குச் சென்று, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அங்குத் தங்கியவர். அம்மக்களின் மொழியைக் கற்று அவர்தம் உள்ளத்தை அறிந்தவர். குடியேற்றத் தடையை அவர் எதிர்த்து எழுதினார், பேசினார். பயன் விளையவில்லை. முதியோர் நெஞ்சில் வேரூன்றிய வெறுப்பைக் களைதல் அரிது. சிறுவர் நெஞ்சில் வெறுப்புப் புகுமுன் நட்பை விதைத்தல் எளிது என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்திலிருந்து ஒரு திட்டம் பிறந்தது.

ஜப்பானில் ஆண்டுதோறும் மார்ச்சு 3ஆம் நாள் ‘ஹினா மட்சுரி’ என்னும் பொம்மைத் திருவிழா நடைபெறும். பெண்மக்கள் நலமுடன் வளர வேண்டும் என வாழ்த்திக் கொண்டாடும் விழா அது. நம் வீடுகளில் நவராத்திரிக் கொலு வைப்பதுபோல, அங்கும் படி அமைத்துச் செந்நிறத் துணி விரித்துப் பொம்மைகளை வரிசையாக வைப்பர். மேற்படியில் பேரரசரும் பேரரசியும் வீற்றிருப்பர். இவ்விழாவிற்கு அமெரிக்கச் சிறுவர் பொம்மைகளைப் பரிசாக அனுப்புதல் வேண்டும் என்பதே குலிக் வகுத்த திட்டம்.

1926ஆம் ஆண்டில் பணி தொடங்கிற்று. ஊர்தோறும் பள்ளிகளும் தேவாலயங்களும் மகளிர் குழுக்களும் இதில் ஈடுபட்டன. சிறுவர்கள் காசு சேர்த்துப் பொம்மை வாங்கினர். சிறுமியரும் அவர்தம் அன்னையரும் கூடி அமர்ந்து அப்பொம்மைகளுக்குச் சட்டையும் தொப்பியும் தைத்தனர். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பெயர் இடப்பட்டது. கடவுச்சீட்டும் பயணச்சீட்டும் நட்பு மடலும் அளிக்கப்பட்டன. பொம்மைகள் புறப்படுமுன் பல ஊர்களில் வழியனுப்பு விழாக்கள் நடந்தன. ஜப்பான் எங்குள்ளது, அங்குள்ள சிறுவர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பனவற்றை அமெரிக்கச் சிறுவர் இதன் வாயிலாக ஆர்வத்துடன் அறிந்துகொண்டனர்.

1927ஆம் ஆண்டில் 12,739 பொம்மைகள் ஜப்பானை அடைந்தன. அங்கு அவற்றை வரவேற்கும் பொறுப்பை ஏற்றவர், எண்பது வயதைக் கடந்த ஷிபுசாவா எயிச்சி என்னும் தொழில் மேதை ஆவார். பல நூறு தொழில் நிறுவனங்கள் தோன்றத் துணைநின்ற அப்பெருமகனார், சிறுவர் விளையாட்டுப் பொருள் தானே என்று இதனை எளிதாகக் கருதவில்லை. மார்ச்சு 3ஆம் நாள் தோக்கியோ நகரில் பெருவிழா எடுத்து வரவேற்றனர். பின்னர் அப்பொம்மைகள் நாடெங்குமுள்ள தொடக்கப் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் அனுப்பப்பட்டன. சிற்றூர்ப் பள்ளிகளிலும் சிறுவர்கள் பாட்டுப் பாடி அவற்றை வரவேற்றனர். சாய்த்தால் ‘மாமா’ என்று அம்மாவை அழைப்பதுபோல் ஒலிக்கும் நீலவிழிப் பொம்மைகளைக் கண்டு வியந்தனர்.

பெற்ற அன்பிற்குக் கைம்மாறு செய்தல் பண்புடையோர் இயல்பு. ஜப்பானியச் சிறுமியர் இலட்சக்கணக்கானோர் சிறு காசுகளைத் திரட்டினர். அந்நாட்டின் தலைசிறந்த கைவினைஞர்கள் 58 பொம்மைகளைச் செய்தளித்தனர். அவை பட்டுக் கிமோனோ அணிந்து, சிறு பேழைகளும் தேநீர்க் கலங்களும் உடன் கொண்டு, 1927ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவை அடைந்தன. நகர்தோறும் மக்கள் அவற்றைக் கண்டு மகிழ்ந்தனர். பின் அவை பல மாநிலங்களின் அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் இடம்பெற்றன.

ஆயினும், நாடுகளை ஆள்வோர் சென்ற வழி வேறாயிற்று. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின, பெரும்போர் மூண்டது. அமெரிக்க அரசு தன் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. ஜப்பானிலோ, நேற்று விருந்தினராய் வந்த நீலவிழிப் பொம்மைகள் இன்று பகைவர் பொருள் எனப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை அழிந்தன. சில தீயில் இடப்பட்டன; சில மூங்கில் ஈட்டிகளால் குத்தப்பட்டன.

‘பொம்மைகளை அனுப்பியும் போர் வந்ததே, விழாவால் விளைந்த பயன் என்ன?’ என்று நீங்கள் வினவலாம். தக்க வினாவே அது. ஒருநாள் விழா, நெடுநாள் அநீதியை நீக்கிவிடாது. ஒருபுறம் பொம்மைகள் கடல் கடந்து செல்ல, மறுபுறம் 1924ஆம் ஆண்டுச் சட்டம் மாறாமல் நின்றது; 1952ஆம் ஆண்டிலேயே அத்தடை விலகியது. வாயிலை அடைத்துவிட்டுச் சாளரத்தின் வழியே பரிசு நீட்டினால் புண்பட்ட மனம் முழுதும் ஆறுமோ? நட்பு நிலைக்க வேண்டுமாயின் நீதியும் உடன் நிற்றல் வேண்டும்.

எனினும், விழா வீணாயிற்று என்று கூறுதல் பொருந்தாது. போர் வெறி மிகுந்த அந்நாளில், ஜப்பானியப் பள்ளிகள் சிலவற்றில் ஆசிரியர்களும் பிறரும் தம் பள்ளிப் பொம்மையை அழிக்க மனம் இசையாதவராய், எவரும் அறியாதவாறு மறைத்து வைத்தனர். பகைவர் பொருளைக் காத்தவர் என்னும் பழிக்கு அஞ்சவேண்டிய காலம் அது. ஆயினும், ‘இப்பொம்மை என்ன குற்றம் செய்தது? இதனை அனுப்பிய குழந்தை நமக்கு எவ்வாறு பகையாகும்?’ என்னும் எண்ணம் அவர்தம் கையைத் தடுத்தது. அவ்வெண்ணத்தை அவர்கள் நெஞ்சில் ஊன்றியது 1927ஆம் ஆண்டின் விழாவே அன்றோ?

1945ஆம் ஆண்டில் போர் முடிந்தது. மறைந்திருந்த பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 1973ஆம் ஆண்டில் இவற்றைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று ஜப்பானில் ஒளிபரப்பப்பட்டபின், மக்கள் இவற்றை ஆர்வத்துடன் தேடத் தொடங்கினர். முந்நூறுக்கு மேற்பட்டவை இன்று எஞ்சியுள்ளன எனக் கண்டறியப்பட்டுள்ளது. அமெரிக்கா சென்ற 58 பொம்மைகளுள்ளும் பெரும்பாலானவை இருக்குமிடம் தெரிந்துள்ளது. குலிக்கின் பேரர் ஒருவர் 1980களின் பிற்பகுதி முதல் ஜப்பானியப் பள்ளிகளுக்குப் புதிய பொம்மைகளை அனுப்பும் வழக்கத்தை மீண்டும் தொடங்கினார். ஷிபுசாவாவின் உருவம் 2024ஆம் ஆண்டில் வெளிவந்த பத்தாயிரம் யென் தாளில் இடம்பெற்றது.

மாணவர்களே! நம் பள்ளிகளிலும் ஊர்களிலும் பிற மாநிலத்தாரையும் பிற நாட்டாரையும் அறிந்துகொள்ளும் விழாக்கள் நடைபெறுவதுண்டு. அவர்தம் ஆடையைக் கண்டு மகிழ்கிறோம், உணவைச் சுவைக்கிறோம், ஆடல்பாடல்களைப் போற்றுகிறோம். இவை நன்றே. ஆயினும், நாம் பெற்ற நட்பு மெய்யானதா என்பதை விழா நடக்கும் நாள் காட்டிவிடாது. அம்மக்களைப் பலரும் பழிக்கும் ஒருநாள் வரக்கூடும். அந்நாளில், ‘இவர்களை நான் அறிவேன், இவர்களும் நம்மைப் போன்றவர்களே’ என்று கூறும் துணிவு நமக்கு வேண்டும். அத்துணிவை அடைதலே விழாவின் பயனாகும்.