ஃபைபர் லேண்ட்லைனில் கால் போகவில்லையா?

பெங்களூரில் இன்று பல வீடுகளுக்கு லேண்ட்லைன் ஃபைபர் மோடம் வழியாகத்தான் வருகிறது. நெட் இருந்தும் கால் போகவில்லையென்றால், மோடத்தில் ‘போன்’ விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்படியும் எரியாவிட்டால் புகார் கொடுங்கள். விளக்கு எரிந்தும் டயல் டோன் இல்லையா? ஒயரையும் போனையும் மாற்றிப் பாருங்கள்.

மொபைலுக்கு மட்டும் போகவில்லையென்றால் எண்ணுக்கு முன் 0 சேருங்கள். 2021 ஜனவரி 15 முதல் இது கட்டாயம். வயதான பெற்றோருக்குப் போன் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. ஃபைபர் லேண்ட்லைனுக்கு அப்படி வராது, வீட்டில் கரண்ட் போனால் போனும் போகும். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் மோடத்துக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்றை அவசியம் வையுங்கள்.