தோட்டப் பாடல்களும் கணினியின் ஒலி இயக்கியும்

பாட்டுக்குச் சொல் உடம்பு, இசையே உயிர். நாட்டார் பாடல்களுக்கு இஃது இன்னும் மிகுதியாகப் பொருந்தும். ஏட்டில் எழுதப்பட்ட தாலாட்டிலே சொற்கள் யாவும் அமைந்திருத்தல் கூடும். ஆயின், தாய் எச்சொல்லை நீட்டினாள், எவ்விடத்தில் மூச்சை நிறுத்தினாள், எவ்விடத்திற் குரல் தழுதழுத்தது என்பவற்றை எழுத்துக் காட்டமாட்டாது. மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த பெரியாருள் ஸி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) தலையாயவர். ஒலிப்பதிவுக் கருவியைத் தோட்டந்தோறும் சுமந்து செல்லுதல் எளிதாகாத அக்காலத்திலே சொல்லையேனும் எழுதிக் காத்தமை பெருந்தொண்டாகும். இன்றோ மடிக்கணினியும் ஒலிவாங்கியும் ஊவாவின் பாடசாலைகளிலும் இளைஞர் இல்லங்களிலும் காணப்படும் பொருள்களாயின. ஆதலின், சொல்லோடு இசையையும் காக்கும் கடமை எம்மைச் சார்ந்ததாயிற்று.

இக்கடமையை நாளைக்கென ஒத்திவைத்தலும் ஆகாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிற் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் அறிவோம். மனிதர் மறையுமிடத்து அவர் நெஞ்சிற் காத்த பாட்டும் உடன் மறையும். மலை சரியாத தோட்டங்களிலும் முதுமை தன் பணியைச் செய்துகொண்டே இருக்கின்றது. ஒப்பாரி பாட வல்ல மூதாட்டி ஒருவர் இவ்வாண்டு பாடியதை வரும் ஆண்டும் பாடுவார் என்பதற்கு உறுதி இல்லை. அவரிடம் நாம் பெறும் பதிவு ஒன்றே ஒன்றாக அமைந்துவிடலாம். அப்பதிவு, நல்ல ஒலிவாங்கி இருந்தும், கணினியின் அமைப்பிற் கவனம் இன்மையாற் கெடுமாயின் அவ்விழப்பை எவ்வாறு ஈடுசெய்வது? அவ்வமைப்புக்களுள் மாணவர் பெரிதும் மயங்குவது ஒலி இயக்கியைத் தேர்தலிலேயாம். அதனை இக்கட்டுரையில் நோக்குவோம்.

இயக்கி யாது?

டிரைவர் என்றதும் பசறை வீதியிற் பஸ் செலுத்தும் சாரதியே எவர்க்கும் நினைவுக்கு வருவர். கணினியில் அப்பெயர் ஒரு மென்பொருளைக் குறிக்கும். ஒலியைப் பெறும் கருவி ஒரு பக்கம். பதிவுசெய்யும் மென்பொருள் மறு பக்கம். இவ்விரண்டுக்கும் இடையே ஒலியை ஏற்றி இறக்குவது இயக்கி. நுணுகி நோக்கின், கருவிக்குரிய இயக்கி வேறு. அதனை மென்பொருள் சென்றடையும் பாதை வேறு. எனினும், பதிவு மென்பொருளின் அமைப்புப் பட்டியலில் இரண்டும் ஓரிடத்தே தோன்றுதலால், வழக்கில் இரண்டையும் இயக்கி என்றே கூறுவர். நாமும் அவ்வாறே கூறுவோம்.

கூடையும் மடுவமும்

கணினி ஒலியைத் தொடர்ந்த ஓட்டமாகக் கொள்வதில்லை. ஒரு செக்கனுக்கு 44,100 முறையோ 48,000 முறையோ ஒலியின் அளவை எடுத்து எண்களாக்கிக்கொள்கின்றது. அவ்வெண்களை ஒவ்வொன்றாக அன்றிக் குவியல் குவியலாகவே அனுப்புகின்றது. மலையிற் கொழுந்தெடுப்பவர் ஒவ்வொரு கொழுந்தையும் கொண்டு மடுவத்துக்கு ஓடுவதில்லை; கூடை நிறைந்த பின்னரே நிறுவைக்குச் செல்வர். கணினியிலும் அத்தகைய கூடை உண்டு. அதனைப் பஃபர் என்பர்.

கூடை சிறிதாயின் கொழுந்து விரைவில் மடுவத்தை அடையும். ஆனால் அடிக்கடி நடக்க வேண்டும். நிறுப்பவர் சற்றே தாமதித்தாலும் அடுத்த கூடை வந்து நெருக்கும், கொழுந்து சிந்தும். கூடை பெரிதாயின் நடை குறையும், சிந்துதலும் அரிதாகும், ஆயின் முதலிற் கிள்ளிய கொழுந்து கூடை நிறையுமளவும் காத்திருக்க வேண்டும். ஒலியிலே சிந்துதல் என்பது 'டிக், டிக்' எனக் கேட்கும் வெடிப்பும், இடையிடையே குரல் அறுதலுமாம். காத்திருத்தல் என்பது தாமதமாம்.

48,000 என்ற வீதத்திற் கணக்கிடின், 128 எண்கள் கொள்ளும் கூடை நிறைய 2.7 மில்லிசெக்கன் செல்லும், 256க்கு 5.3, 512க்கு 10.7, 1024க்கு 21.3. இது போகும் வழிக்கு மட்டுமே. உள்ளே வந்த ஒலி மீண்டும் பாடுபவரின் காதை அடையத் திரும்பும் வழிக்கும் ஒரு கூடை வேண்டும். ஒலியை எண்ணாக்கும் நேரமும், எண்ணை ஒலியாக்கும் நேரமும், கம்பி வழிச் செல்லும் நேரமும் இவற்றோடு கூடும்.

தாமதமும் தாளமும்

மில்லிசெக்கன் என்பது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்துணைச் சிறு அளவு பாட்டைக் கெடுக்குமோ என ஐயுறுவார் உளர். காற்றில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஆதலின் 10 மில்லிசெக்கன் தாமதம், தப்படிப்பவர் 3.4 மீற்றர் தள்ளி நிற்பதற்கு ஒப்பாகும். காமன் கூத்துக் களத்தில் ஆடுபவருக்கும் தப்புக்கும் இடையே அவ்வளவு தூரம் இயல்பாகவே உண்டு, எவரும் தடுமாறுவதில்லை. 100 மில்லிசெக்கனாயின் தூரம் 34 மீற்றர். 10 அடியோ 12 அடியோ அகலமுள்ள அறைகள் பத்துக் கொண்ட லயத்தின் ஒரு கோடியில் நின்று, மறு கோடியில் அடிக்கும் தப்புக்குத் தாளம் தவறாமற் பாட முயல்வதற்கு இஃது ஒப்பாம்.

எம் முன்னோர் கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் மாத்திரை என வகுத்தனர். விரைந்து இமைக்கும் கண் ஏறக்குறைய 100 மில்லிசெக்கனில் இமைத்து முடிக்கும். எனவே, அத்தகைய தாமதத்திற் பாடுபவர் ஒரு மாத்திரை அளவே பிழைபடுகின்றார் எனலாம். குறில் நெடிலாகும் பிழையைச் செய்யுளிற் பொறாத நாம் அதனை இசையில் மாத்திரம் பொறுப்பதெப்படி?

பாதைகள் பல

வின்டோஸ் கணினியில் நால்வகைப் பாதைகள் சிறப்பாக அறியத்தக்கன. முதலாவது எம்.எம்.ஈ. 1991ஆம் ஆண்டளவில் வந்த மிகப் பழைய பாதை இது. எக்கருவியோடும் இயங்கும், தாமதமோ பெரிது. இரண்டாவது 1995இல் வந்த டிரெக்ட்சவுண்ட். விளையாட்டு மென்பொருள்களுக்கென எழுந்த இது பதிவுக்கு ஏற்ற சிறப்புடையதன்று. மூன்றாவது வின்டோஸ் விஸ்டாவுடன் வந்த வசாபி. இதற்கு இரண்டு நிலைகள் உண்டு. பகிர்வு நிலையிற் பிற மென்பொருள்களின் ஒலிகளும் கூடிக் கலக்கும். தனியுரிமை நிலையில் உமது பதிவு மென்பொருளே கருவியை முற்றாக ஆளும், தாமதமும் குறையும்.

நான்காவது ஏசியோ. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1997இல் வகுத்தது இது. வின்டோஸின் கலப்பிடத்தை விலக்கி, மென்பொருளையும் கருவியையும் நேரே இணைப்பதால் தாமதம் மிகச் சிறிதாகும். இதற்குக் கருவியைச் செய்தவரே தம் இயக்கியை எழுதித் தருதல் வேண்டும். அத்தகைய இயக்கி இல்லாத கருவிக்கு மைக்கேல் டிப்பாக் என்பார் எழுதிய ஏசியோ ஃபோர் ஆல் உதவும். அது புதிய பாதையன்று. வின்டோஸின் அடித்தளப் பாதைக்கு மேலே இட்ட ஒரு பாலம். கருவிக்கு அதன் சொந்த ஏசியோ இயக்கி இருக்குமாயின் இப்பாலம் வேண்டியதில்லை.

அப்பிள் கணினியில் இத்தேர்வுச் சிக்கல் இல்லை. அதன் கோர் ஓடியோ ஒன்றே போதும். லினக்ஸில் அல்சா அடித்தளமாகும். அதன்மேல் இசைப்பணிக்கென ஜாக் 2002இல் எழுந்தது. பின்னர் வந்த பைப்வயர் அப்பணியையும் அன்றாட ஒலிகளையும் ஒருங்கே தாங்குகின்றது.

எப்பணிக்கு எது?

தாமதம் குறைந்த ஏசியோவை எடுத்து, மிகச் சிறிய கூடையை வைப்பதே எக்காலும் சிறந்ததென மாணவர் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. பாடுபவர் தம் குரலைக் கணினி வழியாகக் கேட்கின்றாரா என்பதே தேர்வுக்குரிய முதல் வினாவாகும்.

மூதாட்டி ஒருவர் தம் வாசலில் அமர்ந்து தாலாட்டுப் பாடுகின்றார். அவர் காதிற் கருவி எதுவும் இல்லை. ஆங்கே தாமதம் 5 மில்லிசெக்கனாயினும் 500 மில்லிசெக்கனாயினும் பதிவுக்கு யாதும் குறைவில்லை. ஆங்கு வேண்டுவது ஒலி சிந்தாமையே. ஆதலிற் பெரிய கூடையை, 1024 அல்லது 2048ஐ, வைத்தல் வேண்டும். மீண்டும் பாடச் சொல்லி அம்முதியவரை வருத்துதல் கூடாது. மறுமுறை பாடும் ஒப்பாரி முதன்முறை பாடியதாகவும் இராது.

இரண்டாவது பணி வேறு. தப்பையும் உறுமியையும் முன்னரே பதிந்து, அதனைக் காதிற் கேட்டுக்கொண்டு பாடகர் காமன் கூத்துப் பாடலைப் பாடுகின்றார். தம் குரலையும் கணினி வழியாகக் கேட்கின்றார். ஈண்டுத் தாமதமே பகை. கருவிக்குரிய ஏசியோவும் 128 அல்லது 256 அளவான கூடையும் வேண்டும். போய்வரும் தாமதம் முழுவதும் 10 மில்லிசெக்கன் அளவில் நிற்குமாயிற் பெரும்பாலார் இடரின்றிப் பாடுவர். பல பதிவுப் பெட்டிகளில், பாடுபவரின் குரலைக் கணினிக்கு அனுப்பாமலே நேராகக் காதுக்குத் தரும் வசதியும் உண்டு. அதனைப் பயன்படுத்தின் பெரிய கூடையும் தீங்கு செய்யாது. பதிவெல்லாம் முடிந்து ஒலிகளைக் கலந்து சீர்செய்யுமிடத்தும் பெரிய கூடையே நன்று.

தப்பை விழுங்கும் திருத்தம்

தாமதத்தினும் கொடிய தீங்கு ஒன்று உளது. மடிக்கணினிகள் பலவற்றின் இயக்கிகளில் இரைச்சலை நீக்கும் திருத்தம் முன்னரே இணைக்கப்பட்டுள்ளது. தூரத்தில் உள்ளார் உரையாடுதற்கென அமைந்த அத்திருத்தம் பேச்சொன்றையே பொருளெனக் கொள்ளும். தப்பின் அடியை இரைச்சல் எனக் கருதி அமுக்கிவிடும். நீண்டு தேயும் ஒப்பாரியின் ஈற்றோசையையும் அவ்வாறே வெட்டும். பதிந்த பின்னர் அதனை மீட்க வழியில்லை. ஆதலின் வின்டோஸின் ஒலியமைப்பிற் சென்று மேம்பாடுகள் யாவற்றையும் நிறுத்துதல் முதற் கடமை. ஏசியோவும் வசாபியின் தனியுரிமை நிலையும் வின்டோஸின் அத்திருத்தங்களை விலக்கியே செல்லும். தாமதத்துக்காகத் தேவைப்படாத முதற்பணியிலும் இப்பாதைகளை நாம் விரும்புதற்கு இதுவே காரணமாம்.

செய்முறை

தோட்டத்துக்குச் செல்லுமுன் வீட்டிலே இவற்றைச் செய்து பார்த்தல் நலம்.

1. கருவியைச் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்தே இயக்கியைப் பெறுக. பிறர் தரும் பிரதியை நம்பற்க.

2. ஒலி உட்செல்லுதலும் வெளிவருதலும் ஒரே பெட்டி வழியாக அமைக. யூ.எஸ்.பி. ஒலிவாங்கி ஒன்றிற் பாடி, மடிக்கணினியின் துளையிற் கேட்பின், இரண்டு கடிகாரங்கள் இயங்கும். நீண்ட பதிவில் அவை மெல்ல விலகும்.

3. புளூடூத் காதணியைப் பதிவின்போது தவிர்க்க. அதன் தாமதம் 100 மில்லிசெக்கனையும் தாண்டுவதுண்டு; அதன் ஒலிவாங்கியை இயக்கினால் ஒலியின் தரமும் தொலைபேசி அளவுக்கு இறங்கும்.

4. வைஃபையை நிறுத்துக; மின்சிக்கன நிலையை நீக்குக. வலையமைப்பின் இயக்கி இடையே குறுக்கிட்டு ஒலியைச் சிந்தவைத்தல் அடிக்கடி நிகழ்வதொன்று.

5. 48 கிலோஹேர்ட்ஸ் வீதமும் 24 பிட் ஆழமும் வைக்க. ஒலி ஆவணங்களுக்குப் பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்த அளவும் இதுவே. 24 பிட்டில் இடம் மிக உண்டாதலால், தப்பு ஓங்கி ஒலிக்குங்கால் உச்சியைத் தொடாதவாறு அளவைத் தாழ்த்தி வைத்தல் தகும்.

6. பத்து நிமிடம் தப்பையோ கைத்தட்டையோ பதிந்து, முழுவதையும் செவிமடுத்துக் கேட்க. ஓரிடத்தில் 'டிக்' என ஒலிப்பினும் கூடையை ஒரு படி பெரிதாக்குக.

முடிவுரை

2023ஆம் ஆண்டில் மலையக மக்களின் வருகை இருநூறு ஆண்டு நிறைவாக நினைவுகூரப்பட்டது. அவ்விருநூறு ஆண்டுகளின் துயரும் நகையும் அரசாங்க ஏடுகளிற் காணப்படுவதினும் பாட்டிலேயே மிகுதியாகப் பொதிந்துள்ளன. எமது கல்லூரியிற் பயின்றோர் இன்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் பல இடங்களில் விளங்குகின்றனர். அவருட் பலருக்கு லுணுகலையிலோ மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ ஹப்புத்தளையிலோ உறவினர் உளர். வரும் மாசி மாதத்திற் காமன் கூத்து நிகழும் தோட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு மாணவனை உடன் அழைத்துச் செல்வாராக. பாடுபவரின் சம்மதத்தை முதலிற் கேட்டு, அவர் பெயர், தோட்டம், நாள் ஆகியவற்றையும் உடன் குறித்துக்கொள்வாராக. பதிவின் பிரதிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்து, ஒன்றைப் பாடியவர் குடும்பத்துக்கே அளித்தல் முறையாகும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் போன்ற பொது ஆவணகங்களுக்கு வழங்கின் வருங்கால ஆய்வாளருக்கும் அது பயன்படும்.

கருவி பெரிதன்று, பாதையறிந்து செலுத்துதலே பெரிது. பாடுபவர் கணினி வழித் தம் குரலைக் கேட்பாராயின் விரைவைத் தேடுக. கேளாராயிற் சிந்தாமையைத் தேடுக. இவ்விரண்டையும் பகுத்தறிந்த மாணவன் ஒருவன் ஒரு தோட்டத்தில் இருப்பானாயின், அத்தோட்டத்துப் பாட்டிகளின் குரல் அவர் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் கேட்கும்.