பாயிரமும் முன்னுரையும்

'கல்பாக்கம் அணுமின் நிலையம்' என்னும் தலைப்பில் கட்டுரை வரையுமாறு மாணாக்கரிடம் கூறினால், பெரும்பாலான தாள்கள் கற்கால மனிதனிடமிருந்தே தொடங்கும். மனிதன் நெருப்பைக் கண்டான், சக்கரத்தைக் கண்டான், அறிவியல் வளர்ந்தது, மின்சாரமின்றி வாழ்வில்லை என்று நான்கு வரிகள் நடக்கும். பின்னர், 'இத்தகைய சிறப்புமிக்க அணுமின் நிலையம் குறித்து இக்கட்டுரையில் காண்போம்' என்று முன்னுரை முடியும். இவ்வாறு எழுதுவோருள் சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் பிறந்து, அந்நிலையத்தைத் தம் ஊரின் ஒரு பகுதியாகவே கண்டு வளர்ந்தவரும் உளர். தாம் கண்டதை விடுத்து, எவரும் காணாத கற்காலத்திலிருந்து அவர்கள் தொடங்குவானேன்?

குறை மாணாக்கருடையது மட்டுமன்று. பள்ளி வகுப்புகளில் குறிப்புச் சட்டகம் தந்து கட்டுரை எழுதப் பழக்குகின்றோம். 'முன்னுரை' என்று தலைப்பிட்டு அடிக்கோடிட்டால் மதிப்பெண் உண்டு. அதன்கீழ் நிற்கும் வரிகள் என்ன பணி செய்கின்றன என்று நாம் கேட்பதில்லை. மேடைப் பழக்கமும் இதற்கொரு காரணம். நம் விழாக்களில் பேசுவோர் தலைவரையும் பெரியோரையும் பெயர் சொல்லி விளித்த பின்னரே பொருளுக்கு வருவர். அது போற்றத்தக்க அவை மரபு. அவையோர் அமர்ந்து அடங்க அச்சிறுபொழுது வேண்டும். கட்டுரையைப் படிப்பவரோ முன்னரே அமர்ந்துவிட்டார்.

முன்னுரை எழுதுதல் மேனாட்டாரிடமிருந்து நாம் பெற்ற கலை எனச் சிலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாயிரத்திற்கு முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என ஏழு பெயர்களைத் தருகின்றது. நூல் எத்துணை விரிந்ததாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது அவர் துணிபு. சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டியவற்றையும் அவர் எட்டாக வகுத்துள்ளார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களம், காரணம் ஆகிய மூன்றனையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர்.

இவ்வெட்டனுள் இன்றைய கட்டுரையாளர் உற்று நோக்க வேண்டியவை இரண்டு: எல்லையும் நுதலிய பொருளும். தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் அளித்த பாயிரம் வடவேங்கடத்தையும் தென்குமரியையும் காட்டி எல்லை வகுத்த பின்னரே நூலைப் பேசுகின்றது. எந்நிலத்து மொழிக்கு இவ்விலக்கணம் என்னும் ஐயம் படிப்போர்க்கு எழுவதேயில்லை. 'காண்போம்' என்று முடியும் முன்னுரையில் இல்லாதது இந்த எல்லையே. அணுமின் நிலையம் குறித்துக் காண்பது சரி. அதில் எதனைக் காண்பது? அங்கு மின்னாற்றல் பிறக்கும் முறையையா, நிலம் கொடுத்தோர் வரலாற்றையா, கடற்கரை மீனவர் வாழ்வில் நேர்ந்த மாற்றத்தையா? மூன்று பக்கக் கட்டுரையில் மூன்றிற்கும் இடமில்லை. ஒன்றைத் தேர்ந்து ஏனையவற்றை விடுகின்றேன் என்று முன்னுரை சொல்லியாக வேண்டும்.

இங்கு ஒரு தடை எழலாம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் கடவுள் வாழ்த்தில் தொடங்கி, நாட்டுப் படலம், நகரப் படலம் என விரிந்த பின்னரன்றோ வரலாற்றுக்குள் புகுகின்றது. காப்பியத்திற்கு அழகாவது கட்டுரைக்கு ஆகாதா என்று வினவுவர். நல்ல வினா. ஆயின், அந்நாட்டுப் படலம் வெறும் அலங்காரமன்று. அரபு நாட்டைக் கண்டறியாத தமிழ்ச் செவிகளுக்கு, மழையும் ஆறும் வயலுமாகத் தமிழ்த் திணை மரபில் அந்நிலத்தை வரைந்து, அந்நியம் நீக்கும் பெரும்பணியை அது செய்கின்றது. ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட மாளிகைக்கு அத்தகைய முற்றம் தகும். மூன்று பக்கக் குடிலுக்கு அம்முற்றத்தைப் போட்டால் குடியிருக்க இடமேது?

இனி, அதே தலைப்பிற்கு வேறொரு முன்னுரையை எழுதிக் காட்டுவோம்.

'2004 டிசம்பர் 26 காலை, ஆழிப்பேரலை கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் இறைக்கும் கூடத்துள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அதே அலை, அணுசக்தி ஊழியர் குடியிருப்பிலும் அண்டைக் குப்பங்களிலும் பல உயிர்களைக் கொண்டது. ஒரே கரையில் உலை காக்கப்பட்டதும் ஊர் காக்கப்படாததும் எதனால் என்று ஆராய்வதே இக்கட்டுரை. அணுமின் நிலையம் வேண்டுமா, வேண்டாவா என்னும் வாதத்துள் இது புகாது.'

ஐந்தே தொடர்கள். காலமும் களமும் முதல் தொடரிலேயே வந்துவிட்டன. நான்காம் தொடர் நுதலிய பொருள். ஐந்தாம் தொடர் எல்லை. புகழுரையுமில்லை, வசையுமில்லை. அவ்விரண்டாம் அலகிலே பணியாற்றியவரின் மகனும் இதனைப் படிக்கலாம். அன்று தாயை இழந்த குப்பத்துப் பெண்ணும் படிக்கலாம். இருவரும் தத்தம் இழப்பும் பெருமையும் மறைக்கப்படவில்லை என உணர்வர். அணுமின் நிலையம் போன்ற தலைப்புகளில் முன்னுரை நடுநிலை பிறழ்ந்தால், பின்வரும் சான்றுகள் எத்துணை வலியவாயினும் பாதிப் படிப்போர் அவற்றை ஏற்கார்.

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை பற்றி எழுதுவோர்க்கும் இது பொருந்தும். 'பாரத நாடு பழம்பெரும் நாடு' என்று தொடங்குவதில் பிழையொன்றுமில்லை, பயனுமில்லை. கோட்டையுள் டச்சுக்காரர்களின் கல்லறைகள் உள்ளன. அவற்றின் கற்களில் அவர்கள் மொழியில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களை இக்கரைக்கு ஈர்த்தவற்றுள் இப்பகுதியின் துணி முதன்மையானது. வாங்கியவர் பெயர் கல்லில் நிற்க, நெய்தவர் வரலாற்றை எச்சான்று கொண்டு எழுதுவது என்று வினவித் தொடங்கும் மாணாக்கர், பாடநூலில் இல்லாத ஓர் ஆய்வுக்கே வாயில் திறந்துவிடுகின்றார்.

குறட்பாவில் தொடங்கும் வழக்கம் பற்றியும் ஒரு சொல். வள்ளுவரை முன்நிறுத்துவதைக் குறை கூறோம். கல்வி, ஒழுக்கம், நட்பு, நாட்டுப்பற்று என எத்தலைப்பிற்கும் அதே குறளைச் சூட்டுவதையே குறை கூறுகின்றோம். அக்குறளை நீக்கிய பின்னும் கட்டுரை குன்றாமல் நிற்குமாயின், அது அங்கு அழையா விருந்து.

முன்னுரையை எப்பொழுது எழுதுவது? சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியரல்லாத பிறர் உரைப்பதே மரபு. பனம்பாரனார் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்பர். நூலை முழுதும் அறிந்தவரே அதன் எல்லையைச் சொல்லவியலும். ஆகவே, முன்னே நிற்பினும் பின்னே எழுதப்படுவது பாயிரம். வீட்டிலிருந்து எழுதுவோர் கட்டுரையை முடித்துவிட்டு முன்னுரைக்குத் திரும்புக. தேர்வுக் கூடத்தில் அதற்குப் பொழுதிராது. அங்கு, விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் 'இக்கட்டுரை விடையளிக்கும் வினா யாது?' என்பதற்கு ஒரு வரியில் மறுமொழி எழுதிக்கொள்க. முதற்பக்கத்தில் ஏழெட்டு வரிகள் வெற்றிடமாக விட்டு, உடற்பகுதியை எழுதத் தொடங்குக. இறுதிப் பத்து நிமிடங்களில் அவ்வெற்றிடத்தை நிரப்பியபின், கடைசிப் பக்கத்து வரியைக் குறுக்குக் கோடிட்டு அடித்துவிடலாம்.