கோப்புறையில் வைத்தால் போதுமா?

திட்டக்குடி பகுதியில் நான் பணியாற்றும் பள்ளியின் கணினி ஆய்வகத்தில், சிறு தேர்வுகளை ஒரு வலைச் செயலி வழியாக நடத்தி வருகிறேன். முதலில் அதைப் பிஎச்பியில் எழுதினேன். பிறகு கோ மொழியில் மாற்றி எழுதினேன். அப்போது நான் செய்த தவறு ஒரு நல்ல பாடமாக அமைந்தது.

பிஎச்பி கோப்பை அப்பாச்சி சர்வரின் கோப்புறையில் வைத்தால் போதும். பக்கத்தைக் கேட்கும்போது சர்வர் அதை இயக்கி, விளைவை மட்டும் அனுப்பும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் மாணவர்கள் படிப்பதும் இதுவே. அதே பழக்கத்தில், கம்பைல் செய்த கோ நிரலையும் அங்கேயே வைத்துவிட்டேன். தேர்வுப் பக்கம் வரவில்லை. நிரல் கோப்பே பதிவிறங்கியது. ஒரு மாணவி அதை நோட்பேடில் திறந்து பார்த்துவிட்டு, "சார், விடையெல்லாம் இதுக்குள்ளயே இருக்கு" என்றாள். பார்த்து எழுதாமல் வந்து சொன்னாளே என்று பாராட்டினேன். அன்றைய தேர்வை ஒத்திவைத்தேன்.

கம்பைல் செய்த கோ செயலி தானே ஒரு சர்வராக இயங்கக்கூடியது. அதை அப்பாச்சி திறந்து இயக்காது. செயலி தனியாக ஓட வேண்டும். அப்பாச்சி அதன் முன்னே நின்று கோரிக்கைகளைக் கடத்த வேண்டும். மாணவர்களுக்குப் பள்ளி அலுவலகத்தை உவமையாகச் சொல்லலாம். பெற்றோர் நேரே வகுப்பறைக்குள் நுழைவதில்லை. அலுவலகத்தில் சொன்னால் செய்தி வகுப்புக்குப் போகும்; பதிலும் அலுவலகம் வழியாகவே வரும்.

செய்ய வேண்டியவை:

1. செயலியைப் பொதுக் கோப்புறைக்கு வெளியே வையுங்கள். விடைகளை நிரலுக்குள் எழுதாமல் தரவுத்தளத்தில் வையுங்கள்.

2. செயலி 127.0.0.1 முகவரியில், 8080 போர்ட்டில் இயங்கட்டும். பிற கணினிகள் அதை நேரடியாக அணுக முடியாது.

3. அப்பாச்சியின் பிராக்ஸி தொகுதிகளை இயக்கி, 80 போர்ட்டுக்கு வரும் கோரிக்கைகளை பிராக்ஸிபாஸ் கட்டளையால் 8080க்குத் திருப்புங்கள்.

4. லினக்ஸில் செயலியை சிஸ்டம்டி சேவையாகப் பதிவு செய்து, கணினி தொடங்கும்போதே இயங்கும்படி அமையுங்கள். மின்சாரம் போய் வந்து கணினி மீண்டும் தொடங்கினால் செயலியும் தானே எழும். 1024க்குக் கீழான போர்ட் தேவைப்படாததால் ரூட் உரிமையும் வேண்டாம். தனிப் பயனர் கணக்கே போதும்.

வகுப்பில் ஒரு சோதனை செய்யலாம். செயலியை மட்டும் நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். 503 என்ற பிழை வரும். பிறகு அப்பாச்சியையும் நிறுத்துங்கள், இணைப்பே கிடைக்காது. முன்னது, அலுவலகம் திறந்திருக்கிறது, வகுப்பில் ஆசிரியர் இல்லை என்பது. பின்னது, அலுவலகமே பூட்டியிருக்கிறது என்பது. இந்த வேறுபாட்டை அறிந்த மாணவர், பழுது எங்கே என்று தாமே தேடத் தொடங்குவார்.