செல்லுக்கும் ஒரு டோக்கன்

சென்ற ஆண்டு என் இடது பாதத்தில் செருப்புக் கடித்த புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. சர்க்கரை நோய் எனக்கு இருபது ஆண்டுத் துணை. டாக்டர் புண்ணின் ஓரத்தில் சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஐந்து நாள். வந்தபின்தான் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

"அப்பா, இதில் இருக்கும் இ.ஜி.எஃப். புரதத்தைத்தான் நாங்கள் லேபில் தினமும் உபயோகிக்கிறோம்" என்றாள் செல் உயிரியல் ஆராய்ச்சி செய்யும் என் மகள். டிப்ளமா படித்து ரயில்வே சிக்னல் பிரிவில் குப்பை கொட்டிய எனக்குப் புரிந்த அளவில் அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

ஒற்றைப் பாதையில் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். தோல் செல்லும் அப்படித்தான். இ.ஜி.எஃப். வந்து செல்லின் மேலுள்ள ஏற்பியில் பொருந்தினால்தான் 'பெருகு' என்ற உத்தரவு உள்ளே போகும். 53 அமினோ அமிலங்களே கொண்ட குட்டிப் புரதம் அது.

கண்டுபிடித்தவர் அமெரிக்கரான ஸ்டான்லி கோஹன். பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு உமிழ்நீர்ச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டபோது, அவை வழக்கத்துக்குச் சில நாள் முன்னதாகவே கண் திறந்தன. வேறொன்றைத் தேடியவர் இதை விடாமல் பிடித்துக்கொண்டார். 1986-இல் ரீட்டா லெவி-மோன்டால்சினியுடன் நோபல் பரிசு.

அன்று எலியின் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இன்று மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே தொழிற்சாலையாக்கிப் புரதத்தைத் தயாரிக்கிறார்கள். செல் வளர்க்கும் திரவத்தில் கன்றின் இரத்தச் சீரம் சேர்ப்பது பழைய வழக்கம். அதில் என்னென்ன இருக்கும், எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. சரக்குக்குச் சரக்கு மாறும். சுத்தமான இ.ஜி.எஃப். என்றால் கணக்குத் தெளிவு. ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து நானோகிராம் போதுமாம்! ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோகிராம்.

இனி அந்த ஐந்து நாள் விஷயம். எங்கள் கைகாட்டியில் கம்பி அறுந்தால் கை தானாக ஆபத்து நிலைக்குப் போய்விடும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பியோ, கெட்டுப்போனால் சில சமயம் பச்சையிலேயே நின்றுவிடுகிறது. டோக்கன் இல்லாமலே வண்டி ஓடும். நுரையீரல் புற்றில் ஒரு வகை இப்படி வருவதுதான். ஜெஃபிடினிப் மாத்திரை அந்த ஏற்பியையே அடைக்கிறது. என் புண்ணில் அப்படி ஏதாவது இருந்து, அதன்மேல் 'பெருகு' என்ற களிம்பைப் பூசியிருந்தால்?

புண் ஆற ஏழு வாரம் ஆனது. களிம்பு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். சர்க்கரையையும் கட்டுப்படுத்தினேன், செருப்பையும் மாற்றினேன்.