வைத்தியச் செய்திக்கும் ஸனது வேண்டும்



மளிகைக் கடைக்காரருக்கு வைத்திய விஷயத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நாமும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் நம்மில் எத்தனை பேருடைய கடை அலமாரியில் தைலமும், லேகியமும், மஃஜூனும், சத்து மாத்திரையும் இல்லாமல் இருக்கின்றன? விற்கிற சரக்கைப்பற்றித் தெரிந்துகொள்ளாமல் விற்பது வியாபாரமுமல்ல, மார்க்கமுமல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் மூட்டுவலிக்கென்று ஒரு மஃஜூன் நம் கடைக்கு வந்தது. கொண்டுவந்தவர் பழக்கமானவர், தவணையும் தாராளமாகக் கொடுத்தார். சரக்கு வேகமாக ஓடியது. வாடிக்கையாகச் சாமான் வாங்கும் ஒரு பெரியவர், "தம்பி, மூணே நாளுல மாடிப்படி ஏறிட்டேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நமக்கும் உச்சி குளிர்ந்தது. சில மாதத்தில் அவர் முகம் உப்பி வட்டமாயிற்று. நல்ல பசியும் எடுப்பதாகச் சொன்னார். "உடம்பு தேறியிருக்கு மாமா" என்று நாமே வாயால் சொன்னோம். அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பிறகு ஒரு நாள் அவர் வீட்டில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். இரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "வெளியில் என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?" என்பது. காலி டப்பாவைத் தேடிக்கொண்டு அவர் மகன் நம் கடைக்கு வந்து நின்றபோதுதான் நம் கண் திறந்தது.

டாக்டர் சந்தேகித்தது டெக்ஸாமெத்தஸோன் என்னும் மருந்தை. அது ஸ்டீராய்ட் வகையைச் சேர்ந்தது. தக்க நோய்க்கு, தக்க அளவில், டாக்டர் கண்காணிப்பில் கொடுத்தால் உயிர் காக்கும் மருந்து அது. ஆனால் நாட்டு மருந்தென்று பெயர் சூட்டிய பொடியிலும் மாத்திரையிலும் இதைக் களவாகக் கலப்பது இந்நாட்டில் அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கும் அக்கிரமம். வலியும் வீக்கமும் சட்டென்று தணியும், பசி எடுக்கும், முகம் உப்பும். இவற்றைக் கண்டு மருந்து வேலை செய்கிறது என்று சனங்கள் மகிழ்வார்கள். உள்ளே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும்; எலும்பு பலவீனப்படும்; தோல் மெலியும். இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் சரீரத்தில் சிறுநீரகத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பி இவ்வகைச் சத்தைத் தானே உண்டாக்குகிறது. வெளியிலிருந்து தினமும் வந்தால் அது தன் வேலையை நிறுத்திவிடும். அந்த நிலையில் மருந்தைத் திடீரென்று விட்டாலும் ஆள் சாய்ந்துவிடுவார். ஆகவே இப்படிப்பட்ட சரக்கை நெடுநாள் சாப்பிட்டவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நிற்க. அந்த டப்பாவில் நம்பர் இல்லாமலில்லை. மலேசியாவில் பதிவான மருந்துக்கு எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்தும், எட்டு இலக்கமும், முடிவில் ஓர் எழுத்தும் உண்டு. நாட்டு மருந்தானால் அந்தக் கடைசி எழுத்து டி. அத்துடன் பளபளக்கும் ஹோலோகிராம் முத்திரையும் ஒட்டியிருக்க வேண்டும். நம் டப்பாவில் நம்பர் அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினோம். ஆஸ்பத்திரி விஷயம் நடந்தபின் நம் மகள் அந்த நம்பரை என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். நம்பர் உண்மையான நம்பர்தான். ஆனால் அது வேறொரு கம்பெனியின் வேறொரு மருந்துக்குரியது! அடுத்தவன் கடை லைசென்ஸை நம் சுவரில் மாட்டியது போன்ற காரியம். ஆகவே நம்பர் இருக்கிறதா என்று பார்ப்பது பாதி வேலை. அந்த நம்பருக்கு எதிரே வரும் பெயரும் கம்பெனியும் டப்பாவில் உள்ளவையோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் மீதிப் பாதி. கைத்தொலைபேசியில் இரண்டு நிமிட வேலை, காசும் கிடையாது.

விற்றவன் தெரியாமல் விற்றேன் என்றால் சட்டம் லேசில் விடாது. 1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டத்தின்கீழ் வந்த 1984ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவில்லாத மருந்தை விற்பதும், விற்க வைத்திருப்பதும் குற்றம். தனி ஆளானால் முதல் தடவைக்கு 25,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனியானால் 50,000 வெள்ளி வரை. விளம்பரத்துக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா முதலிய இருபது வியாதிகளைக் குணப்படுத்துவதாகப் பொதுசனங்களுக்கு விளம்பரம் செய்யவே கூடாது. ஆதலால் சர்க்கரையை வேரோடு தீர்க்கும் என்று எழுதிய நோட்டீஸை நம் கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லி யாராவது கொண்டுவந்தால், அவர் சரக்கை மேற்கொண்டு பரிசோதிக்கத் தேவையில்லை.

இது சரக்கின் சமாசாரம். செய்தியின் சமாசாரம் இன்னும் மோசம். பஜ்ருத் தொழுதுவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தால் பத்து வைத்தியக் குறிப்பு வந்து கிடக்கிறது. மத்ரஸாவில் நமக்கு உஸ்தாது சொல்லிக்கொடுத்தது என்ன? ஒரு ஹதீஸைக் கேட்டால் வாசகத்தை மட்டும் பாராதே, ஸனதைப் பார் என்றார்கள். அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் சந்தித்தவர்களா, ஞாபகசக்தி உள்ளவரா, பொய்யரா என்று இமாம்கள் ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்தார்கள். வாசகம் எவ்வளவு அழகாயிருந்தாலும் சங்கிலி அறுந்திருந்தால் பலவீனம் என்று ஒதுக்கினார்கள். தீனுக்கு அத்தனை பேணுதல் காட்டிய சமுதாயம், "பெரிய டாக்டர் ஒருவர் சொன்னார், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று வரும் அநாமதேயச் செய்தியை நம்பிப் பிள்ளைக்குக் கஷாயம் கொடுக்கிறது.

வைத்தியச் செய்திக்கு ஸனது தேடும் இடம் வைத்திய நூலகம். இது மேற்கத்தியர் நமக்குக் கற்பித்த புதுமையன்று. 1154ஆம் ஆண்டில் சுல்தான் நூருத்தீன் டமாஸ்கஸில் கட்டிய நூரி பீமாரிஸ்தான் என்னும் ஆஸ்பத்திரிக்கு அவர் வைத்தியக் கிதாபுகளை ஏராளமாக வக்ஃபு செய்தார். அவை ஆஸ்பத்திரி மண்டபத்திலேயே வைக்கப்பட்டன. நோயாளிகளைப் பார்த்து முடித்த ஹக்கீம்கள் அங்கேயே உட்கார்ந்து கிதாபுகளைப் புரட்டி விவாதித்தார்கள். அதற்கும் முன்னே, சுமார் 925ஆம் ஆண்டில் வஃபாத்தான அர்ராஸி, மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களில் ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் குத்தி எடுத்து, மறு கூட்டத்தாரை வேண்டுமென்றே அப்படி விட்டுப் பார்த்ததாக எழுதிவைத்திருக்கிறார். இரத்தம் எடுப்பது அந்நோய்க்கு மருந்தல்ல என்று இன்று தெரியும். அந்த முடிவில் அவர் தவறினார். ஆனால் இரண்டு கூட்டத்தாரை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதே, அதுதான் இன்றைய மருந்துப் பரிசோதனைக்கெல்லாம் அடிப்படை.

இன்று உலகத்தின் மிகப் பெரிய வைத்திய நூலகம் அமெரிக்காவின் பெதெஸ்டாவில் இருக்கிறது. 1836ல் இராணுவ வைத்திய அதிகாரியின் ஆபீஸில் ஓர் அலமாரிப் புத்தகமாகத் தொடங்கியது. அதன் பப்மெட் என்னும் அட்டவணையை 1997 முதல் எவரும் காசின்றிப் பார்க்கலாம். மூன்று கோடிக்கு மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் நம் போன்றவர் அதற்குள் நேரே இறங்குவது, கிட்டங்கியில் விளக்கில்லாமல் மூட்டை தேடுவதற்கு ஒப்பாகும். எலிக்குக் கொடுத்துப் பார்த்ததும் அங்கிருக்கும், பன்னிரண்டு பேருக்குக் கொடுத்துப் பார்த்ததும் இருக்கும். அதில் ஒன்றை உருவிக்கொண்டு "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று விளம்பரம் செய்பவர்களைத்தான் தினமும் பார்க்கிறோமே. சாதாரண மக்களுக்கென்றே அதே நூலகம் 1998ல் மெட்லைன்பிளஸ் என்ற பக்கத்தைத் திறந்தது. வியாதியின் பெயரையோ மருந்தின் பெயரையோ போட்டால் எளிய ஆங்கிலத்தில் விளக்கம் வரும். வீட்டில் படிக்கும் பிள்ளையை வாசித்துச் சொல்லச் சொன்னால் போதும்.

1993ல் ஏற்பட்ட கோக்ரேன் என்னும் அமைப்போ, ஒரு விஷயத்தைப்பற்றி உலகில் நடந்த பரிசோதனைகளையெல்லாம் திரட்டி, பலமானது எது, பலவீனமானது எது என்று சலித்து எடுத்துச் சுருக்கம் எழுதுகிறது. முஹத்திஸ்கள் செய்த வேலையை ஒத்தது என்று நாம் சொன்னால் ஆலிம்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறோம். அதன் மலேசியக் கிளை நம் ஊரில், சிப்பாய் லைன்ஸ் ரோட்டிலிருக்கும் மருத்துவக் கல்லூரியில் வளர்ந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போதெல்லாம் அவ்வழியே போய்வருகிறோம். அந்தச் சுருக்கங்கள் மலாயில் நிறைய வந்திருக்கின்றன. தமிழிலும் சில வெளியாகியுள்ளன.

ஓர் உதாரணம், அதுவும் நம் சரக்கிலிருந்தே. பட்டை வெந்நீர் குடித்தால் சர்க்கரை வியாதி போய்விடும் என்று ஊரெல்லாம் பேச்சு. 2012ல் கோக்ரேன் இதை ஆராய்ந்தது. பத்துப் பரிசோதனைகள், மொத்தம் 577 நோயாளிகள். நீரிழிவுக்குப் பட்டையைச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரமில்லை என்பது முடிவு. பட்டை விற்கும் நமக்கு இது கசப்பான செய்திதான்! இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சிலோன் பட்டைக்கும், விலை மலிவான முரட்டுச் சீனப் பட்டைக்கும் உள்ள பேதம் நமக்குக் கையில் எடுத்தாலே தெரியும். அந்த முரட்டுப் பட்டையில் கூமரின் என்னும் பொருள் அதிகம். அளவு மீறித் தினமும் உட்கொண்டால் சிலருக்கு ஈரலைத் தாக்கும். பிரியாணிக்கும் குருமாவுக்கும் போடுவதால் பயமில்லை. மருந்தென்று கரண்டி கரண்டியாகப் பொடி தின்பதுதான் வினை. மாத்திரையை நிறுத்திவிட்டுத் தின்றால் வினை இரட்டிப்பு.

சர்க்கரை வியாதியைப்பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணமிருக்கிறது. 2019ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கில் 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியரில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இந்தியரில் மட்டும் 31.4. கல்லாவில் உட்கார்ந்தபடி தே தாரிக் குடிக்கும் நமக்கு இக்கணக்கு விளங்காததல்ல. நோன்பு காலத்திலும் இவர்கள் காதில் விழுந்ததையெல்லாம் செய்யக் கூடாது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, ரமலானுக்கென்றே கூடிய வைத்தியர்களுடன் சேர்ந்து 2021ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது. பகலில் சர்க்கரை 3.9க்குக் கீழே போனாலும், 16.6க்கு மேலே ஏறினாலும் நோன்பை முறித்துவிட வேண்டும் என்கிறது. விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்றும் கூறுகிறது. ரமலானுக்கு ஆறு, எட்டு வாரம் முன்பே டாக்டரைக் கண்டு மாத்திரை வேளையை மாற்றிக்கொள்வது முறை. நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையை மறுப்பது பக்தியாகாது.

வாசிக்க நேரமில்லாதவர் கேட்டாவது தெரிந்துகொள்ளலாம். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் இருப்பவர் மாத்திரை எண்ணிக் கொடுப்பவர் மட்டுமல்லர். மருந்தைப்பற்றிக் கேட்பதற்கு உரியவரே அவர்தான். கெலுகோரில் யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் 1994 முதல் தேசிய விஷ நிலையம் இயங்குகிறது. பிள்ளை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டாலும், எந்த மருந்தோடு எது சேரக்கூடாது என்ற ஐயத்துக்கும் அங்கே தொலைபேசியில் யோசனை கேட்கலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை மறந்துவிடலாகாது. 1970 முதல் 2019 மே மாதம் வஃபாத்தாகும் வரை அதன் தலைவராக இருந்த ஹாஜி எஸ்.எம். முஹம்மது இத்ரீஸ் அவர்கள் நம்மைப் போன்ற ஒரு வியாபாரி, டாக்டரல்லர். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டு, வந்த பதிலை மலாய், ஆங்கிலம், சீனத்துடன் தமிழிலும் அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

நம் கடையில் மீதியிருந்த மஃஜூன் டப்பாக்களை மருந்தக அமலாக்கப் பிரிவில் ஒப்படைத்தோம். நஷ்டம் நம்முடையது, அதைக் கொண்டுவந்தவர் பிறகு கண்ணில் படவில்லை. பெரியவர் அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். இப்பொழுது கைத்தடியோடு மெல்ல நடந்து கடைக்கு வருகிறார். எதை எடுத்துக் கொடுத்தாலும், "இதுக்கு நம்பர் பாத்தியா தம்பி?" என்று கேட்கிறார். போன வாரம் அரிசிக்கும் கேட்டார்.