சோளகக் காற்றில் தீவுக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை யூலை, ஓகஸ்ட்டில். தீவுக் கடலில் சோளகம் ஊன்றி வீசுவதும் அப்போதுதான். பங்குனி, சித்திரையில் குளம்போலக் கிடந்த கடலைக் கண்டவர்கள் "ஒன்றும் செய்யாது, கூட்டிக்கொண்டு போங்கோ" என்பார்கள். நம்பாதீர்கள். மாதத்தை மாற்ற முடியாது, நேரத்தை மாற்றலாம். வெள்ளனப் புறப்படுங்கள். வெயில் ஏறக் காற்றும் ஏறும்.

எடுத்த எடுப்பிலே நெடுந்தீவு வேண்டாம். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் பாதை (மிதவைப் படகு) ஓடுகிறதா என்று விசாரித்து, பிள்ளைகளை முதலில் அதில் ஏற்றுங்கள். சிறிது நேர ஓட்டம்தான். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கடற்கோட்டையையும் பார்க்கலாம். எந்தப் பிள்ளைக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு நயினாதீவு. குறிகட்டுவானிலிருந்து கால் மணி, இருபது நிமிடம். ஆனித் திருவிழா நாட்களில் நாகபூசணி அம்மனிடம் போகும் கூட்டத்தில் "இன்னும் இடமிருக்கு" என்று கூப்பிடுவார்கள். அந்தப் படகைப் போகவிடுங்கள், அடுத்தது வரும். பெரியவர்களின் உயிர்காப்பு அங்கி சின்னப் பிள்ளையின் தலைவழியே கழன்றுவிடும். அளவானதை நீங்களே கொண்டுபோவது நல்லது. படகின் உள்ளே எஞ்சின் புகை அடிக்கும், அதுதான் பாதிச் சத்திக்குக் காரணம். வாசலோரம் இருந்து தூரத்தே தெரியும் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள், கைபேசி வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு இடியப்பம் போதும். குளிசை கொடுப்பதானால் வைத்தியரிடம் அளவு கேட்டு, ஏறுவதற்கு முன்பே கொடுங்கள்.

அம்மம்மாக்களுக்கு ஓட்டத்தைவிட ஏறி இறங்குவதுதான் ஆபத்து. அலை படகைத் தூக்கி, விளிம்பு துறையோடு சமனாகும்போது கால் வைக்க வேண்டும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்.

நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும், கடலும் திறந்த கடல். அங்கே ஒரு இரவு தங்குங்கள் என்பேன். குதிரைகள், பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை எல்லாவற்றையும் உச்சி வெயிலில் ஓட்டோவில் துரத்திப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு அழுகைதான் மிச்சம். குடிதண்ணீர் தாராளமாக எடுங்கள். குதிரைகள் கட்டாக்காலிகள், கிட்டப் போய்ப் படம் எடுக்க வேண்டாம். முருகைக்கல் மதில்களில் ஏறவும் விடாதீர்கள். சாந்து பூசாமல் அடுக்கியவை, சரியும்.

இறங்கியதுமே திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டுவையுங்கள். கடல் கொந்தளித்தால் அதுவும் ஓடாது. ஆகவே விமானம் ஏறும் நாளுக்கு முதல் நாளில் மட்டும் நெடுந்தீவை வைத்துவிடாதீர்கள்.